சீனிப் போத்தலுக்கும் ஒரு தவக்காலம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால்... சாப்பாட்டு மேசையின் நடுவில் சீனிப் போத்தல்!

உயிர்த்த ஞாயிறு. ஆட்டிறைச்சிக் கறி மணக்கிறது. பாண் வெட்டி அடுக்கியிருக்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து கேக் வந்திருக்கிறது. இவை எதற்கும் நான் பயப்படவில்லை. பயந்தது அந்தப் போத்தலுக்குத்தான்.

தவக்காலம் தொடங்கியபோது அம்மா தன் கையாலேயே அதைத் தூக்கி அலுமாரியின் உச்சியில் வைத்தார். இன்று தன் கையாலேயே இறக்கி, தூசு துடைத்து, உள்ளே ஒரு கரண்டியையும் போட்டு வைத்திருக்கிறார். போத்தல் சிறகு முளைத்த சம்மனசு மாதிரி மினுங்குகிறது.

ஒரு சீனிப் போத்தலுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு நீரிழிவு. பல வருடமாக. போன வருடம் காலில் வந்த ஒரு சின்னப் புண் ஆறவே இல்லை. விரலை எடுப்பதா விடுவதா என்று வைத்தியர்கள் எங்கள் முன்னாலேயே கதைக்கும் அளவுக்குப் போய், மயிரிழையில் தப்பியது. அதற்குப் பிறகும் அவருடைய தேநீரில் சீனி குறையவில்லை.

அப்படிப்பட்டவரின் சீனிப் போத்தல் எப்படி அலுமாரிக்கு மேல் போனது? அதைச் சொல்வதென்றால் நான் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திய டயற் கதையைச் சொல்ல வேண்டும்.

நான் குருநகர்க்காரி. அப்பா கடற்றொழிலாளி. அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதற்கும் முன்பே வள்ளம் ஏறியவர். எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான்தான். பெருமைதான் - மறைப்பதில்லை. அம்மாவின் கிளினிக் கொப்பியை வாசிப்பது நான். எந்தக் குளிசை காலையில், எந்தக் குளிசை இரவில் என்று பிரித்துக் கொடுப்பது நான். வீட்டில் எழுத்து என்று எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும்.

ஜனவரியில் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இரத்தம் சோதித்தார்கள். என்னைத் தனியே கூப்பிட்ட தாதி, "தங்கச்சி, சீனி எல்லையிலை நிக்குது. இன்னும் தாண்டேல்லை. இப்பவே சாப்பாட்டைப் பாரும், உடம்பை அசையும்" என்றார்.

இந்த வயதிலேயா?

வீட்டுக்கு வந்து அம்மாவின் காலைப் பார்த்தேன். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா தன் காலை மறந்துவிட்டு என்னைப் பார்த்து அழத் தொடங்குவார். ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே நகரில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். பின்னேரங்களில் பெண்களுக்கு மட்டும். பயிற்சி தருபவரை எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தோளைப் பார்த்தாலே பயம் வரும். குரல் மட்டும் மென்மை.

"காலமை என்ன சாப்பிடுறனீர்?"

"இடியப்பமும் சொதியும், மிஸ்."

"எத்தினை இடியப்பம்?"

"எண்ணுறேல்லை, மிஸ்."

"அங்கைதான் பிழைச்சது."

பிறகு அவர் சொன்ன சாப்பாடுகளைக் கேட்டுக்கொண்டே சுப்பர் மார்க்கெற்றுக்குப் போனேன். ஓட்ஸ்... பாதாம்... ஒலிவ் எண்ணெய்... ப்ரொக்கோலி என்று ஒன்று. பச்சைநிறத்தில், பிளாஸ்ரிக் சுற்றி, குளிர்ப்பெட்டிக்குள் இளவரசி மாதிரி இருந்தது. விலையைப் பார்த்ததும் திருப்பி வைத்தேன் - மெதுவாக. எங்காவது நசிந்துவிட்டால் நானே வாங்க வேண்டிவரும் என்ற பயம்.

'ஏன் பிள்ளை, எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் இல்லாத சத்தா?' என்று உங்களில் பலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படி நினைத்துத்தான் சிறுதானியக் குரக்கன் மா வாங்கப் போனேன். நீங்கள் அண்மையில் வாங்கிப் பார்த்தீர்களா? வடிவான பைக்கற், பைக்கற்றில் பனைமரப் படம், லீவில் வரும் வெளிநாட்டுக்காரருக்கென்றே போட்ட விலை! ஒரு காலத்தில் வேறு வழியில்லாதவர்கள் தின்றதை இன்று வழியுள்ளவர்கள்தான் வாங்கலாம். கோதுமை மா மலிவு. பாண் மலிவு. சீனியும் ஒப்பிட்டால் மலிவுதான். நோய்க்குப் போகும் பாதையில் எல்லாமே மலிவாக வைத்திருக்கிறார்கள்... திரும்பி வரும் பாதையில்தான் காசு கேட்கிறார்கள்.

"மீன் நல்லாச் சாப்பிடும்" என்றார் மிஸ். "உமக்கென்ன, வீட்டிலேயே மீன்."

இதுதான் வெளியாட்களுக்குத் தெரியாத விஷயம். மீன் பிடிப்பவன் வீட்டில் நல்ல மீன் இருக்காது. பாரை, விளைமீன், நண்டு எல்லாம் கரையிலேயே ஐஸ் பெட்டி ஏறி, லொறி ஏறி, கொழும்பு போய்விடும். கறிக்கு என்று அப்பா கொண்டுவருவது சூடைதான். சூடை அருமையான மீன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா அதைப் பொரிப்பார். அது கடலில் நீந்திய நேரத்தைவிட எங்கள் வீட்டு எண்ணெயில் நீந்திய நேரம்தான் கூட.

ஆகவே ஒரு நாள், மிஸ் சொன்னபடி, டின்னில் அடைத்த மீன் வாங்கிக்கொண்டு போனேன். பல்கலைக்கழகம் வரை படித்த எனக்கு, எந்த வீட்டுக்குள் எதைக் கொண்டுபோகிறேன் என்று அந்த நேரம் மண்டையில் ஏறவில்லை.

"உதென்ன?" அம்மா குசினி வாசலிலேயே மறித்தார்.

"ரின்மீன், அம்மா."

"ரின்மீனோ! கடலுக்குப் போறவன்ரை வீட்டிலை ரின்மீனோ? ஆரும் கண்டா என்ன சொல்லுவினம்? கொப்பருக்குத் தொழில் படேல்லை, குடும்பம் கடையிலை மீன் வாங்குது எண்டெல்லே கதைப்பினம்!"

அப்பா டின்னை வாங்கி, உருட்டிப் பார்த்து, காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"தலையுமில்லை, வாலுமில்லை... ஆர் பெத்த பிள்ளையோ" என்றார்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்த வெற்று டின்னை அம்மா பேப்பரில் சுற்றி, அதன்மேல் வெங்காயத் தோலைக் கொட்டி மூடிய பிறகுதான் குப்பைக்கு அனுப்பினார். ஏதோ களவுச் சாமான் மாதிரி.

அது வெறும் தொடக்கம். இரவில் சோறு வேண்டாம் என்றேன். எனக்கென்று தனிச் சட்டியில் பயறு அவித்தேன். அந்தச் சட்டி அடுப்பில் ஏறும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகம் இறங்கும்.

"என்ரை கைச் சமையல் உனக்கு நஞ்சாப் போச்சோ?"

"ஐயோ அம்மா, சோத்தைக் குறைக்கச் சொல்லி உங்களுக்கும்தானே கிளினிக்கிலை சொல்லுறவை. ரெண்டு பேருமாக் குறைப்பம் எண்டால்..."

"நீ படிச்சனி, ஓம். பேப்பரிலை இருக்கிறதைச் சொல்லு, கேக்கிறன். என்ரை வயித்திலை இருக்கிறதை எனக்குச் சொல்லாதை."

சொல்லிவிட்டு, நான் பார்க்கப் பார்க்க, தேநீருக்குள் சீனியைக் குவித்தார். ஒவ்வொரு கரண்டியும் எனக்குச் சொன்ன பதில்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஆரோக்கியமாகச் சாப்பிடுவதில் அதிக செலவு பாதாமும் இல்லை, ஒலிவ் எண்ணெயும் இல்லை. தனியாகச் சாப்பிடுவதுதான். ஒரே சட்டியில் கறி காய்ச்சி, ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கோப்பை எடுக்கும் வீட்டில் ஒருத்தி தன் கோப்பையை நகர்த்தி வைத்தால், அது வீட்டை விட்டுப் போனதற்குச் சமம். அந்த விலையைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. டயற்றை விட்டுவிடுவோமா என்றுகூட யோசித்தேன்.

அந்த நேரத்தில் வந்தது தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன்.

நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்து, வழக்கம்போல என் பயற்றுச் சட்டியைத் திறந்தேன். திட்டுக்காகக் காத்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தார். "ம்... சரி. உப்பு அளவா இருக்கோ எண்டு பார்" என்றுவிட்டுப் போனார்.

என் காதை நானே நம்பவில்லை.

மறுநாள் காலை, பக்கத்து வீட்டு றோசலின் அக்கா வேலியோடு நின்று கூப்பிட்டார்.

"ஜெனி! கொம்மா எல்லாம் சொன்னவ. நல்ல காரியம் பிள்ளை."

"என்னக்கா?"

"கொம்மான்ரை காலுக்கெண்டு நேர்த்தி வச்சு, ஒருசந்தி விரதம் பிடிக்கிறாயாம். இந்தக் காலத்துப் பிள்ளையளிலை ஆர் உப்பிடி!"

சிரித்துவிட்டு வேலியிலிருந்து விலகினேன்.

நான் நேர்த்தி எதுவும் வைக்கவில்லை; அது அம்மா தானாகவே நினைத்துக்கொண்டது. ஆனால் அம்மாவின் காலை நினைக்காமல் அந்தப் பயற்றை ஒரு நாளாவது விழுங்கியிருக்கிறேனா? இல்லையே. அப்படியானால் றோசலின் அக்கா சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லையே.

பிறகு நடந்ததுதான் அதிசயம். டயற் என்றபோது 'உனக்கு விசரே' என்றவர்கள், நேர்த்தி என்றதும் கடலை அவித்துக் கொண்டுவந்து தந்தார்கள். றோசலின் அக்கா நாள் தவறாமல் வல்லாரைச் சம்பல் அரைத்து அனுப்பினார். அப்பாகூட ஒரு நாள் லொறிக்குப் போக வேண்டிய விளைமீன் ஒன்றைக் கட்டியிருந்த சாரத்துக்குள் மறைத்துக் கொண்டுவந்து, "அவிச்சுக் குடு பிள்ளைக்கு" என்றார். என் சாப்பாட்டுச் செலவு பாதியாகக் குறைந்தது. எந்தச் சுப்பர் மார்க்கெற்றும் தராத விலைக்கழிவு!

அம்மாதான் எல்லோரையும் தாண்டினார். நேர்த்திச் செய்தி ஊருக்குள் போன அன்றே போத்தலைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தார்.

"எனக்காக நீ வயிறு காயேக்கை, நான் சீனி போட்டுக் குடிச்சா ஆண்டவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?"

இரவில் சோற்றையும் விட்டார். வழக்கமாக ஓட்டோ பிடித்துப் போகும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதைக்கு என்னோடு மெல்ல மெல்ல நடந்தே வந்தார். எத்தனை வருடமாக வைத்தியர் சொன்னது, நான் கொப்பி வாசித்துச் சொன்னது, எதுவும் அசைக்காத கரண்டி அது. என் படிப்பின் பெருமை கொஞ்சம் அடிபட்டதுதான். இருந்தாலும் சந்தோசமாக அடி வாங்கினேன்.

இடையில் ஒரு சின்ன வழக்கு. ஒரு பின்னேரம் குசினிக்குள் போனால், அம்மா பால் விடாத பிளேன்ரீயைக் குடித்தபடி கன்னத்தின் ஒரு பக்கத்தில் எதையோ ஒதுக்கி வைத்திருக்கிறார்.

"அம்மா, வாய்க்குள்ளை என்ன?"

"பனங்கட்டி."

"அதுவும் இனிப்பெல்லே!"

"சீனி விடுறன் எண்டுதான் ஆண்டவரிட்டைச் சொன்னனான். பனையைப் பற்றி நாங்கள் ஒண்டும் கதைக்கேல்லை."

எந்தச் சட்டத்தரணியும் திணறும் வாதம். நானும் விடவில்லை. "அப்ப நானும் என்ரை பயறுக்குள்ளை பனங்கட்டி போடட்டோ?" என்றேன். அம்மா பதறிப்போனார். தன் நேர்த்தி எப்படிப் போனாலும் என் நேர்த்தி பழுதாகக் கூடாது! அந்த நிமிடமே பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டான் குசினியின் மேல்தட்டுக்குப் போனது.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வாரம் தொடங்குமுன் கிளினிக் நாள் வந்தது. வைத்தியர் கொப்பியைப் பார்த்தார். அம்மாவின் காலைப் பார்த்தார். மறுபடியும் கொப்பியைப் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கே அம்மா! இவ்வளவு நாளும் நாங்கள் சொன்னதைக் கேக்கேல்லை. இப்ப ஆர் சொல்லிக் கேட்டனீங்கள்?"

"ஆண்டவர்" என்றார் அம்மா.

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

இப்போது திரும்பவும் கடந்த ஞாயிறுக்கு வருகிறேன். தேநீர் ஆவி பறக்கிறது. அம்மா போத்தலைத் திறந்துவிட்டார். கரண்டி உள்ளே இறங்குகிறது.

"அம்மா, வேண்டாம்."

"ஏன்? நேர்த்தி முடிஞ்சுதெல்லே. என்ரை கால் புண் மாறிட்டுது. ஆண்டவர் தன்ரை சொல்லைக் காப்பாத்தினவர், நாங்களும் எங்கடை சொல்லைக் காப்பாத்தினாங்கள். சரிக்குச் சரி."

"திரும்பச் சீனி போட்டால் திரும்பவும் புண் வரும் அம்மா."

"உயிர்த்த ஞாயிறிலை துக்கம் காக்கப்படாது பிள்ளை. இண்டைக்குச் சுவாமி பிரசங்கத்திலையும் அதைத்தானே சொன்னவர்."

என் பட்டத்தில் இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கவில்லை. ஒரு பக்கம் சுவாமி, ஒரு பக்கம் ஆட்டிறைச்சிக் கறி, நடுவில் நான். கரண்டி நிறைந்து மேலே வந்தது. இன்று ஒரு கரண்டி விழுந்தால் நாளைக்குக் குவியல் விழும். அடுத்த புண் எங்கே, எந்த விரலில் என்று யாருக்குத் தெரியும்?

"அம்மா, எனக்கும் எல்லையிலை நிக்குதாம்."

"என்ன எல்லை?"

"சீனி."

கரண்டி அப்படியே நின்றது. அப்பா கையிலிருந்த பாணைக் கோப்பையில் வைத்தார்.

"எப்ப தொடக்கம்?"

"தை மாதம் சொன்னவை."

அம்மா மற்றக் கை விரல்களில் மாதங்களை எண்ணினார். பிறகு கேட்டார்: "அப்ப நீ வயிறு காய்ஞ்சது என்ரை காலுக்கில்லையோ?"

"ரெண்டுக்கும்தான் அம்மா. உங்கடை காலைப் பாத்துத்தான் எனக்குப் பயமே வந்தது."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. ஏமாத்திப் போட்டாய் என்று ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவும் இல்லை. மேசைக்குக் கீழே குனிந்து தன் கால் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் காலையும் பார்த்தார்.

"உனக்கு எத்தினை நாளைக்கு உந்தச் சாப்பாடு?"

"முடியிற நாள் எண்டு ஒண்டில்லை, அம்மா."

"ஆயுசுக்குமோ?"

"ஓம்."

"தனியவோ?"



அம்மா கரண்டியிலிருந்த சீனியைப் போத்தலுக்குள்ளேயே கொட்டினார். மூடியை இறுக்கினார். எழுந்து வேலியடிக்குப் போனார்.

"றோசலின்! இந்தா, இதைக் கொண்டுபோ."

"என்னக்கா இது, உயிர்த்த ஞாயிறும் அதுவுமாச் சீனியைத் தூக்கித் தாறியள்?"

"எங்கடை வீட்டிலை இன்னும் பெரிய வெள்ளி முடியேல்லை."

திரும்பி வந்து, சீனியில்லாத தேநீரை ஒரு மிடறு குடித்தார். முகம் சுளித்தார். இன்னொரு மிடறு குடித்தார். பிறகு எனக்கு இரண்டு துண்டு இறைச்சியும், தனக்கு இரண்டு துண்டு இறைச்சியும் அளந்து வைத்தார். கேக்கில் ஒரு துண்டை இரண்டாக வெட்டினார். பாதி எனக்கு. பாதி அவருக்கு. அன்றைக்குப் பிறகு என் பயற்றுச் சட்டி தனிச் சட்டி இல்லை. கொஞ்சம் பெரிய சட்டியாக மாறிவிட்டது. பின்னேரங்களில் இரண்டு பேருமாகப் பண்ணைக் கடற்கரையில் நடக்கிறோம். அம்மா முன்னால். நான்தான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால்.

மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் சொன்ன சாப்பாட்டிலை இதை விட்டிட்டன்" என்றார்.

"எதை, மிஸ்?"

"கூடச் சாப்பிட ஒரு ஆளை."

அது எந்தக் கடையிலும் விற்பதில்லை. நல்ல காலம் - விற்றிருந்தால் அதையும் பிளாஸ்ரிக் சுற்றிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, என்னால் வாங்க முடியாத விலை போட்டிருப்பார்கள்.

ஒரே ஒருவருக்குத்தான் இதில் மனக்குறை. அன்று தன் முன்னால் வந்த வெறும் தேநீரைப் பார்த்து அப்பா கேட்டார்: "எனக்கு எல்லையுமில்லை, புண்ணுமில்லை. நான் ஒரு நேர்த்தியும் வைக்கேல்லையே?"

அம்மா பாணை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

இந்த வாரம் முழுவதும் அப்பா வழமையைவிட நேரத்தோடேயே கடலுக்குப் புறப்படுகிறார், தேநீர் பிளாஸ்க்கும் கையுமாக. குசினி மேல்தட்டில் இருந்த பனங்கட்டிக் குட்டானைத்தான் காணவில்லை.